தெரிந்தவர்கள் மட்டும்

பொன்னரசி கட்டிலில் சம்மணம் போட்டு, லேப்டாப்பைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி என் போனைக் கையில் பிடித்திருக்கிறேன். போனுக்கு ஒரு நம்பர் வரும், வந்ததும் படித்துச் சொல்லு என்றிருக்கிறாள். இன்னும் வரவில்லை. வெளியே சாரல். தென்காசியில் நாலைந்து நாளாக வெயிலே கிடையாது. வீட்டுக்குள் கட்டிய கொடியில் என் சேலைகளும் அவள் துண்டும் காயாமல் தொங்குகின்றன. அந்த ஈரவாடை மூக்கில் ஏறி, ஏதோ ஒன்று அழுகிக்கொண்டிருக்கிறது, எது என்றுதான் தெரியவில்லை என்பது போல இருக்கிறது. காலை ரயிலில் வந்தாள், சாயங்கால ரயிலில் சென்னைக்குத் திரும்பிவிடுவாள். பெற்றவளைப் பார்க்க வரவில்லை, பெற்றவளுடைய ஈமெயிலைப் பூட்ட வந்திருக்கிறாள். அப்படி நினைக்கக்கூடாது. அவளுக்கும் அங்கே தலைக்குமேல் வேலை, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மாமியார் எந்த முகத்தோடு வாங்கிக்கொண்டாரோ. போன வாரம் என் ஈமெயிலிலிருந்து, நான் அனுப்பாமல், என்னிடம் முகவரி இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரு படம் போயிருக்கிறது. அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் யாரும் என்ன படம் என்று சொல்லவில்லை, அவர்கள் சொல்லாததிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. நான் கிளார்க்காக இருக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கு, பிள்ளைகளின் அப்பாமார்களுக்கு, பொன்னரசியின் மாமனாருக்கு, எல்லோருக்கும் என் பேரில், உலகம்மாள் அனுப்பிய படம். தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, இதை உடனே சரி பண்ணுங்க, இல்லேன்னா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உங்கள உட்கார வைக்க எனக்கு வழியில்லை என்றார். குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

பழைய பாஸ்வேர்டு என்ன என்று பொன்னரசி கேட்கிறாள். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறாள். சொல்கிறேன்: ராசா, அவன் பிறந்த வருஷம். அவள் நிமிர்ந்து பார்க்காமல் தட்டுகிறாள். இந்த ஈமெயிலை எனக்குப் போட்டுக் கொடுத்தவனே என் மகன் ராசா, இசக்கிராஜாதான். அவன் அப்பா இறந்து, அந்த வேலையில் என்னை எடுக்கப் போகிறார்கள் என்றபோது விண்ணப்பத்தில் ஈமெயில் கேட்டார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன், என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பாஸ்வேர்டு மறந்துபோகாத மாதிரி ஒண்ணு சொல்லும்மா என்றான். மறந்துபோகாத மாதிரி என்றால் எனக்கு வேறு என்ன வரும். இப்போது அதை இவள் அழிக்கிறாள். அழித்துவிட்ட பிறகு ஒருவேளை அவன் என்றாவது, அங்கே காவலுக்கு நிற்கிறவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், அவசர அவசரமாக இந்த ஈமெயிலுக்குள்ளேயே நுழைந்து எனக்கு ஒரு வரி எழுதி வைக்கலாம் என்று நினைத்தால்? தன் பேரைத் தட்டுவான். தப்பு என்று வரும். கை நடுங்கித் தப்பாகத் தட்டிவிட்டோம் என்று மறுபடியும் தட்டுவான். அதற்குள் காவல்காரன் வந்துவிடுவான். இதைச் சொல்லலாமா என்று பொன்னரசியைப் பார்க்கிறேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்க்கிறாள். போன் கிர்ரென்று அதிர்கிறது, நம்பர் வந்துவிட்டது, கையிலிருந்து போன் நழுவப் பார்க்கிறது. ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்கிறேன். ஒரு கதவு சாத்திக்கொண்டது. நானேதான் தாழ்ப்பாள் போட்டேன்.

டேட்டா என்ட்ரி வேலை என்றுதான் போனான். ஏசி ரூம், சாப்பாடு, தங்க இடம், எல்லாம் அவர்களே. பாங்காக்கில் இறங்கிவிட்டேன் என்று விமான நிலையத்திலிருந்து வீடியோவில் வந்தான், பின்னால் ஒரு பெரிய பொம்மை யானை நின்றது, அதற்குப் பூமாலை போட்டிருந்தார்கள், பாரும்மா இங்கயும் மாலைதான் என்று சிரித்தான். அதற்கப்புறம் ஏதோ ஒரு ஆற்றைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனார்களாம். முதல் இரண்டு மாதம் ஞாயிறுதோறும் பேசினான். பிறகு பேசும்போதே ஓரக்கண்ணால் எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினான். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று நான் கேட்காத கேள்விக்கெல்லாம் சொன்னான். முகத்தில் ஒரு பக்கம் வீங்கியிருக்கிற மாதிரி இருந்தது, பல்வலி என்றான். அப்புறம் போனே இல்லை. அனுப்பி வைத்த ஏஜென்ட்டின் கடையில் இப்போது செருப்பு விற்கிறார்கள். சித்திரை மாதம் ஒரு ஈமெயில் வந்தது. யாரோ மிஸ்டர் ஹென்றி, சுங்க அதிகாரி, உங்கள் பெயரில் ஒரு பார்சல் எங்களிடம் நிற்கிறது, இந்த லிங்க்கை அழுத்தி விடுவித்துக்கொள்ளவும் என்று இங்கிலீஷில். பார்சலில் என்னென்ன இருக்கிறது என்றும் போட்டிருந்தது. தங்கக் கைக்கடிகாரம், வாசனைத் திரவியம், லேப்டாப், வடகம். நான் ஆபீஸில் இருந்தேன். மறுபடியும் படித்தேன். இங்கிலீஷ் எழுத்தில் வடகம். எந்த வெள்ளைக்காரச் சுங்க அதிகாரிக்கு வடகம் தெரியும். அவன் கிளம்பும்போது வெங்காய வடகம் ஒரு டப்பா நிறைய வைத்து அனுப்பினேன். எடை கூடுது என்று எடுத்து வெளியே வைத்தான், நான் மறுபடியும் உள்ளே வைத்தேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அலமேலு என்னக்கா, பிரஷரா என்று கேட்டாள். ஆமா என்றேன். உயிரோடு இருக்கிறான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் எங்கே என்று கேட்பாளே.

பொன்னரசி அன்றைக்கு நம்பவில்லை. போனில் அதைப் படித்துக் காட்டினேன், எம்மா, இதெல்லாம் மெஷின் எழுதுறது, நம்ம ஊர்க்காரங்கள ஏமாத்த நம்ம ஊர் வார்த்தையை எங்கயாவது பொறுக்கிப் போடும் என்றாள். மெஷினுக்குத் தங்கக் கடிகாரம் தெரியலாம். அதன் பக்கத்தில் வடகத்தை வைக்கத் தெரியுமா. திருநெல்வேலிக்குப் போய் போலீஸில் மனு கொடுத்தேன். எழுதி வாங்கிக்கொண்ட பெண் சப்-இன்ஸ்பெக்டருக்கு என் மகள் வயசுதான் இருக்கும். அந்த மாதிரி இடங்களில் நம் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, இந்த மாதிரி மெயில் அனுப்பத்தான் அடித்து வேலை வாங்குகிறார்கள், வெளிநாட்டு விஷயம், மேலே அனுப்பியிருக்கிறோம், நேரமாகும் என்று பொறுமையாகச் சொன்னாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து, இனிமே தெரியாதவங்க மெயில் வந்தா திறக்காதீங்கம்மா, அதுதான் பாதுகாப்பு என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆலங்குளம் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் தெரியாதவனாகத்தானே வருவான். அவன் பெயரில் அவனை எழுத விடுவார்களா. ஹென்றி என்று வருவான், ஜூலியா என்று வருவான், வங்கி மேலாளர் என்று வருவான், விதவையின் வக்கீல் என்று வருவான். அன்றிலிருந்து ஒன்று விடாமல் திறந்தேன். காலையில் பால் காய்கிறபோது, மத்தியானம் சாப்பாட்டு டப்பாவுக்கு முன்னால், பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கிறபோது. உங்களுக்குப் பரிசு, உங்கள் கணக்கு முடக்கம், உங்கள் அந்தரங்கம் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு தமிழ் வார்த்தை ஒளிந்திருக்கிறதா என்று, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. அரிசியில் கல்லைத் தூக்கி எறிவோம், எனக்குக் கல்தான் வேண்டும். பயமாகவும் இருக்கும். உன் போன் கேமரா வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவன் எழுதியபோது போனைக் குப்புறப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். குளிக்கும்போது தோன்றியது, பார்க்கிறவன் அவனாக இருந்தால் பார்த்துவிட்டுப் போகட்டுமே, அம்மா இளைத்திருக்கிறாள் என்றாவது தெரியும். என்ன நினைப்பு இது. பைத்தியம் பிடித்தவள் நினைக்கிற நினைப்பு.

"யாருக்காச்சும் பதில் போட்டியாம்மா?" என்று பொன்னரசி கேட்கிறாள். அனுப்பியவைகள் இருக்கிற இடத்தைத் திறந்துவிட்டாள் போல. இல்லை என்று சொல்ல வாய் எடுத்து, திரை அவள் முன்னால் இருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன். டேனியல் என்று ஒருவன். மனைவியை இழந்த டாக்டர், பேச்சுத்துணை தேடுகிறாராம். தம்பி, உன் உண்மையான பேர் என்ன, உனக்குத் தமிழ் தெரியுமா, உன் பக்கத்தில் இசக்கிராஜா என்று ஒரு பையன் இருக்கிறானா, ஒல்லியாக, இடது புருவத்தில் தழும்போடு என்று எழுதினேன். தெரியும், அவன் என் நண்பன் என்று பதில் வந்தது. இங்கிலீஷில்தான். ஆனாலும் அவன் என் நண்பன். ஒரு வாரம் எழுதினோம். உங்கள் மகனின் போட்டோ இருக்கிறது, இந்த இடத்தில் அழுத்தினால் வரும் என்றான். அழுத்தினேன். போட்டோ வரவில்லை. மறுநாள் என் பெயரில் அந்தப் படம் ஊரெல்லாம் போனது. இதுவரைக்கும் திரையைப் படித்தே பொன்னரசிக்குத் தெரிந்துவிடும். தெரியாதது வேறொன்று இருக்கிறது, அது பாத்திரம் தேய்க்கிறபோது வரும், பள்ளிக்கூடத்தில் டி.சி. தட்டச்சு அடிக்கிறபோது வரும், வந்தால் கை அப்படியே நின்றுவிடும். அந்த டேனியல் அவனேதானோ. மேலே ஒருவன் நின்றுகொண்டு, யாராவது சிக்கினார்களா என்று கேட்டு, சிக்கவில்லை என்றால் அடிக்கிறவனாக இருந்து, அன்றைக்கு யாருமே சிக்காமல், கடைசியில் யாரைத் தொட்டால் நிச்சயம் அழுத்துவார்கள் என்று அவனுக்குத் தெரிந்த ஒரே முகவரியை அவன் எடுத்துக் கொடுத்திருந்தால். அம்மா அழுத்துவாள். போட்டோ என்று சொன்னால் போதும். அப்படியென்றால் நான் அழுத்தியதில் ஒரு நாள் அடி அவனுக்குக் குறைந்திருக்கும். அப்படியென்றால் நல்லதுதான். இல்லை, அவன் அப்படிச் செய்கிற பிள்ளை இல்லை. செய்தாலும். செய்தாலும் என்ன, உயிரோடு இருக்கிறவன்தானே செய்ய முடியும். இந்த இடத்தில் வந்து மனசு முட்டிக்கொண்டு நிற்கும், மறுபடியும் டேனியல் என்கிற பேரின் முதல் எழுத்துக்குத் திரும்பும்.

"இதப் பாரும்மா," என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்புகிறாள். இனிமேல் என் பட்டியலில் பெயர் இருக்கிறவர்கள் எழுதினால் மட்டும்தான் எனக்கு வரும், மற்றதெல்லாம் ஸ்பேம் என்கிற தனிக் குழிக்குள் போய்விடும், நான் பார்க்க வேண்டியதில்லை, ஒரு மாதத்தில் அதுவாகவே அழிந்துவிடும் என்று விளக்குகிறாள். படங்களும் நான் கேட்காமல் தானாகத் திறக்காதாம். பட்டியலில் யார் யார் என்று பார்க்கிறேன். தலைமையாசிரியை, மாவட்டக் கல்வி அலுவலகம், அலமேலு, காஸ் ஏஜென்சி, பொன்னரசி, மாப்பிள்ளை. காஸ் ஏஜென்சிக்கு வழி உண்டு. ராசாவின் பழைய முகவரியும் இருக்கிறது, அதிலிருந்து எழுதி வருஷமாகப் போகிறது, ஆனாலும் சேர்த்திருக்கிறாள். ஒரு மாதம். எங்கோ ஒரு கட்டிடத்தில் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, அடிக்குப் பயந்து, கண்ணில் படாமல் ஒரே ஒரு வார்த்தையை அவன் நுழைத்து அனுப்புவான். அது குழியில் விழுந்து கிடக்கும். நான் இங்கே சோறு வடித்துக்கொண்டிருப்பேன். ஒரு மாதம் கழித்து, யாரும் தொடாமலே, அது இல்லாமல் போகும். அனுப்பினோம், அம்மா பதில் போடவில்லை என்று அவன் நினைத்துக்கொள்வான்.

"வேண்டாம்டி," என்றேன்.

பொன்னரசி என்னையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும், இப்போது சிவக்கவில்லை. மாமனார் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அவளிடம் நேராகப் பேசுவதில்லை, மாப்பிள்ளையிடம் சொல்லி விடுகிறாராம். இதைக் காலையில் இட்லி சாப்பிடும்போது, சட்னி நல்லா இருக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள். மறுபடியும் ஒரு தடவை அப்படி நடந்தால் எனக்கு வேலை போகும், அவளுக்கு என்னென்ன போகுமோ. அவளும் என் பிள்ளைதான். இருக்கிற பிள்ளையைக் காப்பாற்றவா, இல்லாத பிள்ளைக்குக் கதவைத் திறந்து வைக்கவா. இல்லாத என்று நினைத்துவிட்டேனே. நாக்கைக் கடித்துக்கொண்டேன், நாக்கு சொல்லவில்லை, சொன்னது மனசு, அதைக் கடிக்க முடியுமா. சாரல் வலுத்து ஜன்னல் கம்பி வழியாகத் தெறித்தது. எழுந்து சாத்தலாம் என்று தோன்றியது, சாத்தவில்லை. போடுறதப் போடு, என்னைக் கேக்காதே என்றேன். அவள் போடவில்லை. கொஞ்ச நேரம் விரலால் லேப்டாப்பின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், ஒண்ணு செய்யலாம் என்றாள். குறிப்பிட்ட வார்த்தை இருக்கிற மெயில் எங்கிருந்து வந்தாலும், யார் அனுப்பினாலும், குழிக்குப் போகாமல் நேராக எனக்கு வருகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்ய முடியுமாம்.

"வடகம்னு போடுதேன். அவன் வேற என்ன வார்த்தை எழுதுவான்? யோசிச்சுச் சொல்லும்மா."

யோசிக்கிறேன். இத்தனை வருஷம் வளர்த்தவள், ஒரு வார்த்தை வரவில்லை. அவனுக்குப் பிடித்தது என்ன. பிடித்தது என்று நான் நினைத்தது என்ன. பால்கொழுக்கட்டை என்று சொல்ல வந்தேன், அது பொன்னரசிக்குத்தான் பிடிக்கும். அவன் விளையாடியது, அவன் வண்டி, வண்டியின் நிறம். நிறத்தைச் சொன்னால் உலகத்தில் இருக்கிற எல்லா மெயிலும் வந்துவிடும். அவன் சிநேகிதன் பெயர் சொன்னேன், ஊர்க்கோயில் பெயர் சொன்னேன், அவன் படித்த பாலிடெக்னிக் சொன்னேன். இதெல்லாம் விண்ணப்பத்தில் எழுதுகிறவை. பயந்துபோய்க் கிடக்கிற ஒரு பையனுக்குச் சட்டென்று வருகிற வார்த்தை எது? வடகம் அவனுக்கு எப்படி வந்தது, அன்றைக்குப் பசித்ததா? அவனுக்கு என்ன வருமோ அது எனக்கும் வரவேண்டும், வந்தால்தான் நான் அவன் அம்மா. நான் சொல்லாமல் விட்ட வார்த்தையை அவன் எழுதிவிட்டால் என்ன செய்வேன். அகராதி முழுவதையும் போடச் சொல்ல முடியுமா. முடியாது, அப்படிப் போட்டால் டேனியலும் வருவான். இதற்கு மேல் மனசு போகவில்லை. எனக்குத் தெரியலியேட்டி என்றேன். என் குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரல் மாதிரி கேட்டது.

பொன்னரசி தட்டத் தொடங்கினாள். வடகம் என்று இங்கிலீஷ் எழுத்தில், அதையே இரண்டு மூன்று விதமாக. எழுத்தை அவன் எப்படிப் போடுவான் என்று சொல்லமுடியாதல்லவா. பிறகு விரல் நின்றது. "பல்லின்னு போடுதேன்," என்றாள் தணிந்த குரலில். ஒல்லியாக இருந்ததால் ராசா அவளைப் பல்லி என்றுதான் கூப்பிடுவான், அவள் கல்யாணத்தன்று மணமேடையில் நின்றுகொண்டே கூப்பிட்டு அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்தப் பேரைச் சொன்னாலே இவளுக்கு ஆகாது. இங்கிலீஷில் எழுதினால் பள்ளி என்றும் ஆகுமே, பள்ளிக்கூடத்து மெயிலெல்லாம் வருமே என்றேன். வரட்டும் என்றாள். கண்ணைத் துடைக்கவில்லை, அது வழிந்து மோவாய்க்கு வந்து நின்றது. அப்போதுதான் தெரிந்தது, இவளும் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மெஷின் என்று அவள் சொன்னதெல்லாம் அவளுக்கே சொல்லிக்கொண்டது. வடகம் என்று எழுதத் தெரிந்தவன் ஏன் பல்லி என்று எழுதவில்லை என்று சென்னையில் எத்தனை நாள் தன் மெயிலைத் திறந்து பார்த்தாளோ. அவள் தலையில் கை வைக்கலாம் என்று தூக்கிய கையில் போன் இருந்தது.

வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். தன் போனில் புதிதாக ஒரு முகவரி உண்டாக்கினாள், வாயில் நுழையாத எழுத்துகளும் எண்களுமாக, யாரோ ஒருவருடைய முகவரி மாதிரி. முதலில் ஹலோ என்று மட்டும் அனுப்பினாள். என் போன் சும்மா இருந்தது. போய்விட்டது, குழிக்கு. சரியாத்தான் இருக்கு என்று தலையை ஆட்டினாள். அடுத்து என்னமோ அனுப்பினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவள் விரல் அழுத்தியதைக் கண்ணால் பார்த்தேன். போன் கிணுங்கியதும் என் நெஞ்சு ஏன் அப்படி அடித்துக்கொண்டது? திறந்தேன். தெரியாத முகவரி. உள்ளே ஒரே ஒரு வார்த்தை, பல்லி. வேறொன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பொன்னரசி லேப்டாப்பை மூடி, வயரைச் சுருட்டி, பையில் வைக்கிற சத்தம் கேட்டது. ஆட்டோவுக்குச் சொல்லணும், ரயிலுக்கு நேரமாச்சு என்று சொல்வதும் கேட்டது. என் கட்டைவிரல் கீழே போனது, பதில் என்கிற இடத்தைத் தொட்டது. நானா தொட்டேன். எங்க இருக்க என்று எழுதினேன். எழுத்துப்பிழை ஏதும் இல்லையே என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பினேன்.

அவள் கையிலிருந்த போன் கிணுங்கியது. பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்படியே கட்டிலின் ஓரத்தில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எம்மா, அது எனக்குதாம்மா வந்திருக்கு."

"தெரியும்," என்றேன்.

தெரியும். போனைக் கீழே வைக்காமல், திரை அணையப் போகும்போதெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டு, நான் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.